ஒரு தாளின் கனம்: தொலைதூர ரைஃபிளுக்கு ட்ரிகர் தேர்ந்தெடுப்பது

ஒரு சாதாரணத் தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். முன்னால் இருகால் தாங்கியிலும் பின்னால் மணல் பையிலும் ஊன்றியிருக்கும் ரைஃபிளின் பின்கட்டை அந்த ஒரு தாள் கனத்துக்குப் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊன்றல்களுக்கும் நடுவே 80 சென்டிமீட்டர் இருந்தால், குழல் 0.125 மில்லிரேடியன் (கோணத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) திரும்பியிருக்கும். கேட்க ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் 1,000 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் அது 12.5 சென்டிமீட்டர். உள்வட்டத்தில் விழ வேண்டிய குண்டை வெளியே தள்ள அது போதும்.

அந்த ஒரு தாள் கனத்தை நகர்த்துவது பெரும்பாலும் சுடுபவரின் ஆள்காட்டி விரல்தான். ட்ரிகரை மாற்றினால் ரைஃபிளின் துல்லியம் கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். குழலும் தோட்டாவும் அதே குழல், அதே தோட்டா. அவற்றின் துல்லியம் துளியும் கூடுவதில்லை. இருக்கிற துல்லியத்தைக் கெடுக்காமல் சுடுவது எளிதாகிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாடு மனதில் இருந்தால் கடையில் எதைக் கேட்பது, எதை விடுவது என்பது தானாகத் தெளியும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? போல்ட் ரைஃபிளில் (கையால் போல்ட்டை இழுத்து மூடிச் சுடும் வகை) ஃபயரிங் பின் என்ற அடிக்கும் ஊசியை முன்னுக்குத் தள்ளக் காத்திருக்கும் சுருள்வில் பத்துப் பன்னிரண்டு கிலோ எடைக்கு நிகரான விசையோடு அமுங்கி நிற்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது சியர் என்ற சின்ன எஃகுத் துண்டு. சியரின் விளிம்பு விலகினால் ஃபயரிங் பின் பாய்ந்து, தோட்டாவின் அடியில் தீப்பற்றவைக்கும் பிரைமரை அடிக்கும். அந்த விளிம்பை விலக்குவதுதான் ட்ரிகரின் வேலை.

1898-இல் வந்த மவுசர் ரைஃபிளில் இந்த வேலை நேரடியாக நடந்தது. சுருள்வில்லின் முழுப் பாரத்தையும் தாங்கிய சியரை விரல்தான் உராய்வோடு இழுத்து இறக்க வேண்டும். போர்க்களத்தில் ரைஃபிள் கீழே விழும், சுவரில் மோதும். அதனால் சியரின் பிடிப்பை ஆழமாக வைத்திருந்தார்கள். ஆழமான பிடிப்பு என்றால் நீளமான இழுப்பு. அதை இரண்டாகப் பிரித்தார்கள்: முதல் கட்டத்தில் விரல் லேசாக இழுத்துப் பிடிப்பின் பெரும்பகுதியைக் கழித்துவிடும்; பிறகு ஒரு தடை தட்டுப்படும்; அதைத் தாண்டினால் வெடிக்கும். இரண்டு கட்ட ட்ரிகர் பிறந்தது பாதுகாப்புக்காக. அது குறிபார்ப்பவருக்கும் பெரிய உதவி என்று அனுபவம் சொல்லிக்கொடுத்தது.

இன்றைய தரமான ட்ரிகர்களில் நடுவே இன்னொரு நெம்புகோல் இருக்கும். சுருள்வில்லின் பாரத்தை மேலே இருக்கும் சியர் தாங்கும். அந்தச் சியர் கீழே சாய்ந்துவிடாமல் இன்னொரு துண்டு முட்டுக்கொடுக்கும். விரல் விலக்குவது முட்டுக்கொடுக்கும் அந்தத் துண்டை மட்டும். நெம்புகோல்களால் பாரம் படிப்படியாகக் குறைந்து வருவதால், விரலுக்கு வரும்போது சில நூறு கிராம்தான் மிஞ்சும்.

மிஞ்சுவதிலும் பெரும்பங்கு உராய்வு. எஃகின் மேல் எஃகு எண்ணெயில்லாமல் வழுக்கினால் உராய்வுக் கெழு 0.5-ஐ ஒட்டி இருக்கும். எண்ணெய் இட்டால் 0.1 முதல் 0.15 வரை இறங்கும். தொல்லை எங்கே என்றால், நிற்கும் பொருளை நகரவைக்கத் தேவைப்படும் உராய்வு, நகர்ந்துகொண்டிருக்கும்போது உள்ளதைவிட அதிகம். நகரும், சிக்கும், மறுபடி நகரும். மோசமான ட்ரிகரை இழுக்கும்போது மணலில் கல்லை இழுப்பதுபோல விரலுக்குத் தட்டுப்படுவது இதுதான். சுடுபவர்கள் இதை ‘க்ரீப்’ என்பார்கள். இதற்கு ஒரு தீர்வு, மோதும் பரப்புகளைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, பிடிப்பின் நீளத்தைக் குறைப்பது. டிம்னி, ஜ்யூவெல் போன்ற தயாரிப்புகள் இந்த வழியில் பேர் வாங்கியவை. இன்னொரு தீர்வு வழுக்குவதையே உருளுவதாக மாற்றிவிடுவது. கனடாவின் ட்ரிகர்டெக் இரண்டு பரப்புகளுக்கும் நடுவே ஓர் உருளையை வைக்கிறது. ஆஸ்திரியாவின் பிக்ஸ்ன் ஆண்டி எஃகுக் குண்டுமணிகளைப் பயன்படுத்துகிறது. உருளும்போது ஏற்படும் தடை வழுக்கும்போது ஏற்படுவதில் ஒரு சிறு பங்குதான். அதனால் பிடிப்பை மிகக் குறைக்காமலே சுத்தமான முறிவு, அதாவது சியர் சிக்காமல் சட்டென விலகுவது, கிடைக்கிறது. எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் மென்மைக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் இதில் குறைவு.

இனி விரலுக்கு வருவோம். ட்ரிகரை நேர் பின்னோக்கி இழுக்கிறோம் என்றுதான் எல்லாரும் நம்புகிறோம். விரல் மடங்கும்போது உண்மையில் சற்றுப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. 10 பாகை சாய்ந்து இழுக்கிறீர்கள் என்றால், 1,500 கிராம் ட்ரிகரில் (இழுக்க அவ்வளவு விசை தேவைப்படுவதில்) சுமார் 260 கிராம் பக்கவாட்டில் போகும். 500 கிராம் ட்ரிகரில் 87 கிராம்தான். மணல் பையின் மேல் இருக்கும் பின்கட்டையை ஒரு தாள் கனம் நகர்த்த எது போதும் என்று யோசித்துப் பாருங்கள். இலகுவான ட்ரிகருக்கு ஆதரவான முதல் வாதம் இது.

இரண்டாவது வாதம் முறிவுக்குப் பிந்தைய நொடித்துளிகளைப் பற்றியது. இது அதிகம் பேசப்படுவதில்லை. சியர் விலகிய கணத்தில் விரலுக்கு எதிராக இருந்த தடை சட்டென மறைகிறது, ஆனால் விரலின் தசை அதே பலத்தோடு இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. விரலும் ட்ரிகரும் சேர்ந்து 50 கிராம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 1,500 கிராம் பலத்தில், 3 மில்லிசெகண்டுக்குள் விரல் சுமார் 1.3 மில்லிமீட்டர் பாய்ந்துவிடும். சியர் விலகியது முதல் ஃபயரிங் பின் பிரைமரை அடிப்பது வரை நவீன ரைஃபிளில் ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அதே 3 மில்லிசெகண்டுதான். பிறகு குண்டு குழலைக் கடக்க இன்னும் ஒன்றரை மில்லிசெகண்ட். ஆக, குண்டு குழலுக்குள் இருக்கும்போதே விரல் போய் எதிலாவது மோதிவிடும். அதனால்தான் முறிவுக்குப் பின் ட்ரிகர் அதிகம் ஓடாமல் உடனே நிற்க வேண்டும் என்கிறார்கள். அதற்கென்று தனித் திருகு உள்ள ட்ரிகர்கள் உண்டு. அதை ஒரேயடியாக இறுக்கிவிடவும் கூடாது. கொஞ்சம் தூசு சேர்ந்தாலும் சியர் முழுதாக விலகாமல் போகலாம்.

விளம்பரங்களில் பெரிதாகச் சொல்லப்படும் ‘லாக் டைம்’ இந்த 3 மில்லிசெகண்டுதான். அதில் அரை மில்லிசெகண்டைக் குறைத்துவிட்டோம் என்று பெருமையாகப் போடுவார்கள். ஊன்றிச் சுடுகிறவர் இதற்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஸ்கோப்பின் குறுக்குக்கோடு நொடிக்கு 1 மில்லிரேடியன் வேகத்தில் மெல்ல நகர்கிறது என்று கொள்ளுங்கள். 3 மில்லிசெகண்டில் அது 1,000 மீட்டரில் 3 மில்லிமீட்டர் நகரும். அதில் அரை மில்லிசெகண்ட் மிச்சம் என்றால் அரை மில்லிமீட்டர். நின்றுகொண்டு கையில் பிடித்துச் சுடுபவருக்கு ஆட்டம் பல மடங்கு; அவர் வேண்டுமானால் கவலைப்படலாம்.

அதே கணக்கை மனித மூளைக்குப் போட்டுப் பாருங்கள். கண் பார்த்து விரல் அசைய ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் குறுக்குக்கோடு 20 சென்டிமீட்டர் போய்விடும். “இப்போது சரியாக இருக்கிறது, இழு” என்று முடிவெடுத்து இழுப்பவர் எப்போதும் தாமதமாகத்தான் இழுக்கிறார். தேர்ந்தவர்கள் அப்படிச் சுடுவதில்லை. குறி நிலைப்படும்போதே விரலில் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே வருவார்கள். இத்தனை அழுத்தத்தில், இந்த இடத்தில் முறியும் என்று விரலுக்குத் தெரிந்திருக்கும். ட்ரிகர் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் முறிந்தால் மட்டுமே இந்த முன்கணிப்பு பலிக்கும். அதனால் ட்ரிகரில் நான் முதலில் பார்ப்பது இலகுவை அல்ல, மாறாமையை.

இதை அளந்து பார்க்கலாம். தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதிசெய்துகொண்டு, இழுவை அளக்கும் கருவியால் பத்து முறை இழுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று 680-க்கும் 720 கிராமுக்கும் நடுவே நிற்கிறது. இன்னொன்று 360 முதல் 540 வரை அலைகிறது என்றால், யோசிக்காமல் முதலாவதை எடுங்கள். சராசரி பார்த்தால் இரண்டாவதுதான் இலகு. ஆனால் அது விரலை ஏமாற்றும். ஏமாந்த விரல் அடுத்த முறை பயந்து வெடுக்கென்று இழுக்கும்.

அப்புறம், ஒரு கட்டமா, இரண்டு கட்டமா? ஒரு கட்ட ட்ரிகர் சுவர்போல நிற்கும், கண்ணாடிக் குச்சி முறிவதுபோல முறியும். படுத்து, நன்றாக ஊன்றி, நேரம் எடுத்துச் சுடுபவர்களுக்கு அது இதமானது. நேரக் கெடுவுக்குள் நிலை மாறி மாறிச் சுடும் போட்டிகளில், தடுப்பின் மேலும் ஏணியின் மேலும் ரைஃபிளை வைத்துச் சுடும்போது, விரல் ட்ரிகரில் எங்கே இருக்கிறது என்பதே சில சமயம் தெரியாது. அங்கே இரண்டு கட்டம் கைகொடுக்கும்: முதல் கட்டத்தை இழுத்து, தடையில் விரலை நிறுத்தி, “வந்துவிட்டேன்” என்று உணர்ந்து, பிறகு முறிக்கலாம். மொத்த எடை 700 கிராம் என்றாலும் அதில் பாதி முதல் கட்டத்திலேயே போய்விடுவதால் மிச்சம் இலகுவாகத் தெரியும். குளிரில் மரத்த விரலுக்கும் கையுறை போட்ட விரலுக்கும் நான் இரண்டு கட்டத்தைத்தான் பரிந்துரைப்பேன்.

தட்டையான ட்ரிகரா வளைந்ததா என்பதில் சண்டை போடுமளவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ட்ரிகர் மேலே அச்சில் தொங்கும் நெம்புகோல். அச்சிலிருந்து 25 மில்லிமீட்டரில் 1,000 கிராம் தேவைப்பட்டால், 30 மில்லிமீட்டரில் 833 கிராம் போதும். தட்டையானதில் விரல் மேலும் கீழும் போக இடமுண்டு. அதனால் எடையும் மாறித் தெரியும். வளைவு விரலை ஒரே இடத்தில் உட்கார வைக்கும்.

எவ்வளவு இலகு என்பதைப் போட்டி விதியே சிலருக்கு முடிவுசெய்துவிடும். சர்வதேச விதிப்படி 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிள் பிரிவில் ட்ரிகர் 1,500 கிராமுக்குக் குறையக் கூடாது. மறுகோடியில், மேசையில் ஊன்றிச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் வீரர்கள் 60 கிராமுக்கும் கீழே போவார்கள். அங்கே குழல் இலக்கை நோக்கியபடியேதான் இருக்கும், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு யாரும் நடப்பதில்லை. மேட்டில் ஏறி இறங்கிச் சுடுபவர் அந்த எடையைக் கனவிலும் நினைக்கக் கூடாது.

ஏன் என்றால், எடையைக் குறைக்கும் பெரும்பாலான வழிகள் சியரின் பிடிப்பையோ அதைத் திரும்பத் தள்ளும் வில்லையோ பலவீனப்படுத்துபவை. பல ட்ரிகர்களில் பிடிப்பு அரை மில்லிமீட்டர் அளவுதான். போல்ட்டை ஓங்கி மூடினாலோ ரைஃபிள் தட்டுப்பட்டாலோ அது நழுவக் கூடாது. அமெரிக்கத் துப்பாக்கி உற்பத்தியாளர்களின் தரநிலை அமைப்பான சாமி (SAAMI) வகுத்த ஒரு சோதனை உண்டு: ரைஃபிளை 12 அங்குல உயரத்திலிருந்து ரப்பர் விரிப்பில் விழவைத்தாலும் ஃபயரிங் பின் பாயக் கூடாது. சாவேஜ் நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த அக்யூட்ரிகரில் ட்ரிகரின் நடுவே ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. விரல் அதை அழுத்தாமல் சியர் நழுவினாலும் அந்தத் தகடு பிடித்துக்கொள்ளும். மூலையில் சேரும் அழுக்கும் பசையும்கூட விளையாட்டல்ல. 2014 ஏப்ரலில் ரெமிங்டன், எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர் பொருத்திய மாடல் 700, மாடல் செவன் ரைஃபிள்களைத் திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது ஒட்டுப்பசை கூடுதலாகப் போனால் தானாக வெடிக்கக்கூடும் என்பதே காரணம். வீட்டில் சியரை அரத்தால் தேய்த்து இலகுவாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல சியர்களில் கடினமாக்கிய பரப்பு மெல்லிய தோல்தான். அது தேய்ந்துபோனால் உள்ளே இருக்கும் மென்மையான எஃகு சீக்கிரமே உருக்குலையும்.

கடைசியாக, பொருத்தம். ரெமிங்டன் 700 வடிவத்தை எத்தனையோ தயாரிப்பாளர்கள் பின்பற்றுவதால் அதற்கான ட்ரிகர்கள்தான் சந்தையில் ஏராளம்; இரண்டு குறுக்கு ஊசிகளைத் தட்டினால் கழன்றுவிடும். ஆனால் ஒரே வடிவம் என்பதால் சியர் நிற்கும் இடமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. புதிய ட்ரிகரின் சியர் சற்றுப் பின்னால் நின்றால், போல்ட்டை மூடும்போது சுருள்வில்லைக் கூடுதலாக அமுக்க வேண்டியிருக்கும். கை அதை முரட்டுத்தனமாக உணரும். முன்னால் நின்றால் ஃபயரிங் பின் ஓடும் தூரம் குறைந்து பிரைமரில் அடி வலுவிழக்கும். ஒரே மாதிரியான தீப்பற்றல் இல்லாமல் குண்டின் வேகம் மாறும், 1,000 மீட்டரில் அது மேலும் கீழுமான சிதறலாகத் தெரியும். ட்ரிகரை மாற்றிய பிறகு போல்ட் கனத்தாலோ, சுட்ட தோட்டாவின் பிரைமர் குழி ஆழம் குறைந்தாலோ, ட்ரிகரின் திருகுகளைத் தொடாமல் ரைஃபிளைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோய் “சியர் நேரம் பாருங்கள்”, அதாவது சியர் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள், எனச் சொல்லுங்கள்.