முருகை வெளுத்தால் முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

தைப்பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் காலையில் உப்புவெளியில் இருந்து ஒரு ஆசிரியர் அழைத்தார். "தம்பி, தொட்டியில முருகை எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரிக் கிடக்கு. பாதித் தண்ணிய மாத்தப் போறன்."

"ஒண்டும் செய்யாதேங்கோ சேர், வாறன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். திருகோணமலையில் மீனும் முருகையும் (பவள உயிரிகளும்) வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். இந்த அழைப்பு வருடத்தில் நாலைந்து தடவையாவது வரும். அநேகமாக எல்லாரும் தொட்டிக்குள் கையை விட்ட பிறகுதான் அழைப்பார்கள். சேர் முன்னதாகவே அழைத்தது அவருடைய நல்ல காலம்.

வெளுத்த முருகை எல்லாம் செத்த முருகை அல்ல. முருகையின் தசை கண்ணாடி போன்றது. அதற்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் மண்ணிறத்தைக் கொடுக்கிறது. அதன் சாப்பாட்டில் பெரும்பங்கும் அந்தப் பாசி தருவதுதான். வெப்பமோ வெளிச்சமோ தாங்க முடியாமல் போனால் முருகை பாசியை வெளியே தள்ளிவிடும். அப்போது தசை வழியாக உள்ளிருக்கும் வெள்ளைக் கல் தெரியும். ஒரு டோர்ச்சைச் சரிவாகப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கல்லின் மேல் ஈரப் பளபளப்பாக ஒரு மெல்லிய தோலும், குழிகளில் கண்ணாடி நூல் போல விரல்களும் தெரிந்தால் அது உயிரோடு இருக்கிறது, பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். குழிகளின் விளிம்பு கூராக, வெறும் எலும்பாக இருந்தால் அந்த இடம் போய்விட்டது. பச்சைப் பூஞ்சணம் போல ஏதாவது படர்ந்திருந்தால் போய்ச் சில நாளாகிவிட்டது.

சேரின் தொட்டியில் தோல் இருந்தது.

நான் முதலில் சந்தேகப்பட்டது உப்பைத்தான். அவர் கடல்நீர் அள்ளி வடிகட்டிப் பாவிப்பவர். மார்கழி, தை மாதங்களில் மகாவலி நிறைந்து கொட்டியாரக்குடாவில் விழும் காலம். மழையும் சேர்ந்தால் கரையோர மேல் தண்ணீரில் உப்புக் குறைந்துவிடும். முன்பு ஒரு வீட்டில் அதுதான் நடந்தது. ஆனால் இங்கே 35 (ஆயிரத்தில் இத்தனை பங்கு உப்பு) என்று குறித்த அளவுத் திரவத்தை விட்டு, உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றரைச் சரிபார்த்த பிறகும் தொட்டி 34 காட்டியது. வெப்பம் 27 பாகை. காரத்தன்மை, அதை அளக்கும் டிகேஎச் அலகில், 8.2. எல்லாம் ஒழுங்கு. என் கணிப்புப் பிழைத்துவிட்டது.

பொசுபேற்றைப் பார்த்தபோதுதான் ஒரு நூல் கிடைத்தது: 0.00. நைத்திரேற்றும் அப்படியே. புதிதாகத் தொடங்கியவர்கள் இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும். லீற்றருக்குப் பொசுபேற்று 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை, நைத்திரேற்று 2 முதல் 10 மில்லிகிராம் வரை, இந்த அளவு அழுக்கு இருந்தால்தான் பாசிக்கும் முருகைக்கும் சாப்பாடு.

அப்புறம் முருகைகளைத் திரும்பப் பார்த்தேன். கிளைகளின் மேல்பக்கம்தான் வெள்ளை. நிழல் விழும் அடிப்பக்கத்தில் மண்ணிறம் அப்படியே இருந்தது. லைற் மாற்றினீர்களா என்று கேட்டேன். இல்லையாம். பத்து நாளைக்குள் தொட்டியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமே செய்யவில்லையாம். உள்ளே இருந்து சேரின் மனைவி, ரீச்சர்தான் சொன்னார்: "பொங்கலுக்கு வீடு கழுவின கையோட தொட்டியையும் கழுவினவர்."

லைற்றின் மூடியில் மாதக்கணக்காகப் படிந்திருந்த உப்பைத் துடைத்திருக்கிறார். தண்ணீரை வடிகட்டும் பழைய காபன் பையை எறிந்து புதிதாக, அதுவும் இரு மடங்கு போட்டிருக்கிறார். பொசுபேற்று உறிஞ்சும் இரும்புத் துகளையும் புதுப்பித்திருக்கிறார். தண்ணீரின் இலேசான மஞ்சள் நிறத்தைக் காபன் எடுத்துவிடும், மூடியும் சுத்தம், லைற்றில் ஒரு பொத்தானையும் தொடாமலே வெளிச்சம் சட்டென்று கூடிவிட்டது. கூடிய நேரம் பார்த்துச் சாப்பாடும் நின்றுவிட்டது. பிறகு மனுசன் நாலு நாள் மட்டக்களப்பில் மாமியார் வீட்டில்.

லைற்றை 60 வீதத்துக்கு இறக்கினோம். இரும்புத் துகளை எடுத்தோம். காபனில் பாதியைக் குறைத்தோம். மீனுக்குக் கூடுதலாகத் தீனி. தண்ணீர் மாற்றவில்லை, முருகையை இடம் மாற்றவில்லை, போத்தல் மருந்து எதுவும் விடவில்லை. கிழமைக்கு 5 வீதமாக லைற்றை ஏற்றினோம். ஆறாவது கிழமை அழுக்கு மண்ணிறம் வந்தது. சேருக்கு அது பிடிக்கவில்லை. பாசி திரும்பிய பிறகுதான் முருகையின் சொந்த நிறம் வரும் என்று சொல்லிச் சமாளித்தேன். சித்திரையில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. ஒரு கிளை மட்டும் தப்பவில்லை.

அடியில் இருந்து தோல் உரிந்துகொண்டு வந்தால் கதை வேறு: அநேகமாகக் காரத்தன்மை திடீரென்று ஏறி இறங்கியிருக்கும். தோல் மணிக்கணக்கில் உரிந்தால் நல்ல நுனிகளை வெட்டித் தனியே வைப்பதைத் தவிர வழியில்லை. மீனுக்குச் செப்பு கலந்த மருந்து விட்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், செப்பு முருகைக்கு நஞ்சு.

தென்மேற்குக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊரில் முக்கிய எதிரி வெப்பம். கறண்ட் போய் இரண்டு மணித்தியாலத்தில் தொட்டி 30 தாண்டிவிடும். கடலிலேயே கோடையின் வழக்கமான உச்சத்துக்கு மேல் ஒரு பாகை சில கிழமைகள் நீடித்தால் முருகை வெளுக்கத் தொடங்கும். மின்விசிறி வைத்தால் இரண்டு, மூன்று பாகை இறங்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவை உப்பில்லாத நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். கடல்நீரால் நிரப்பி உப்பை 40க்குக் கொண்டுபோனவரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. செத்ததற்குப் பதிலாக நிலாவெளிக் கடலில் ஒரு துண்டு உடைத்து வரலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அதற்கு வெளியிலும் முருகைக்கற்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அனுமதிப் பத்திரத்தோடு வந்த பண்ணை முருகை இல்லாத தொட்டியில் நான் கைவைப்பதில்லை.

எனக்குப் படம் அனுப்புவதென்றால் நீல லைற்றை அணைத்துவிட்டு, வெள்ளையில் மட்டும், மேலிருந்து ஒன்றும் பக்கத்தில் இருந்து ஒன்றும் எடுங்கள். பத்து நாளாக என்ன செய்தீர்கள் என்று வீட்டில் உள்ளவர்களிடமும் கேட்டு எழுதி அனுப்புங்கள்.