கொட்டகைச் சுவருக்குச் சிமென்ட் வேண்டாம்

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற புகார் எல்லாம் ஒரே மாதிரிதான். தாத்தா காலத்து மாட்டுக் கொட்டகையையும் நெல் கிடங்கையும் சேர்த்து வீடாக்கியிருப்பார்கள். சித்திரையில் வாட்ஸாப்பில் பார்த்தபோது சுவர் பளபளவென்று இருந்திருக்கும். பொங்கல் லீவில் வந்து இறங்கினால், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்து நிற்கும். கை வைத்தால் பூச்சு மாவாக உதிரும். "வாட்டர்ப்ரூஃப் அடிச்சும் ஏன் சார் இப்படி?" என்கிறார்கள். அதை அடித்ததனால்தான்.

அந்தச் சுவர் சின்னச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தது, ஒன்றரை அடி கனம். அஸ்திவாரத்துக்கு மேல் ஓதம் தடுக்க எதுவும் கிடையாது. நிலத்து ஈரம் ஏறத்தான் செய்யும். ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே காற்றில் காய்ந்துபோகும். இத்தனை காலம் சுவர் நின்றது அப்படித்தான். "சுண்ணாம்பு வீக், சிமென்ட்தான் ஸ்ட்ராங்" என்று மேஸ்திரி சொன்னதை நம்பி, சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திப் போட்டுவிட்டு 1:4 சிமென்ட் (ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நாலு பங்கு மணல்) பூசுகிறீர்கள். ஈரம் ஏறுவது இதனால் நிற்காது. அது வெளியேறும் வழிதான் அடைபடும். அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். அதன்மேல் வால் புட்டியும் எமல்ஷன் பெயின்ட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சிமென்ட் பழைய செங்கல்லைவிடக் கடினமானது, அது பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். ஸ்ட்ராங்காக இருப்பதுதான் இங்கே கெடுதல். பழைய சுவருக்கு அதைவிட மிருதுவான பூச்சுதான் பாதுகாப்பு.

கொட்டகைக்கு இன்னொரு கேடும் உண்டு. பல வருஷம் மாட்டு மூத்திரம் ஊறிய தரை, யூரியா, டி.ஏ.பி. உரங்களை மூட்டை மூட்டையாகச் சாய்த்து வைத்த சுவர் இரண்டிலும் உப்பு இறங்கியிருக்கும். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் ஒழுகல் எதுவும் இல்லாமலே சுவர் வியர்ப்பது இதனால்தான். கூரை ஓடுகளைப் பிரித்து ஒழுகலைத் தேடிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

கறை ஏறிய உயரத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை அடி வரை பூச்சைக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். செங்கல் ஒட்டுகளை முக்கால் அங்குலம் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உப்பை அள்ள வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடும். கொத்தி எடுத்த குப்பையைத் தரையை நிரப்பப் பயன்படுத்துகிறார்கள், தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். தரை மண்ணையும் ஓரடியாவது தோண்டி வெளியே கொட்டிவிட்டுப் புது மண் போட வேண்டும். புதுத் தரை போடும் முன்பே கரையான் மருந்தும் இறங்கியிருக்க வேண்டும்.

பிறகு ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும். முதலில் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு ஒன்று போட்டு, உப்பு அதில் பூத்ததும் உதிர்த்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் நிலையான பூச்சு. வரும் தையில் கிரகப்பிரவேசம் என்று நாள் குறித்துவிட்டு வேலை தொடங்குபவர்கள் விடுவது இந்தக் கட்டத்தைத்தான்.

சுண்ணாம்பு நீற்றித் தொட்டியில் 15 நாளாவது ஊற வேண்டும். கரண்டியில் எடுத்தால் வெண்ணெய் போல நிற்க வேண்டும். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு சலித்த மணல், ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், வெயில் படாமல் ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கட்டும். சீக்கிரம் இறுகட்டுமே என்று ஒரு சட்டி சிமென்ட்டைக் கலந்துவிடுவார்கள். மறுநாள் காலை வீடியோ கால் போட்டு நகத்தால் கீறச் சொல்லுங்கள். கீறல் விழுந்தால் சுண்ணாம்பு. நகம் வழுக்கினால் வேலையை நிறுத்துங்கள்.

கூரையில் கைமரம் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) சுவருக்குள் நுழைகிற முனையைத்தான் பார்க்க வேண்டும், நடுவில் அல்ல. ஸ்க்ரூடிரைவர் அரை அங்குலம் எளிதாக இறங்கினால் அந்த மரம் போய்விட்டது. பாலீஷ் அடிப்பதற்கு முன்பே பாருங்கள்.

காகித வேலையும் உண்டு. கொட்டகை நிற்கிற இடம் பட்டாவில் நத்தமா (குடியிருப்பு நிலம்), நஞ்சையா (வயல்) என்று பார்த்துவிட்டே வரைபட அனுமதிக்குப் போங்கள். விவசாய இலவச மின்சாரத்தில் கட்டட வேலையும் கூடாது, வீடும் கூடாது. ஊரில் ஒருவர் உங்களுக்காகச் செயல்பட அதிகாரம் தந்து வெளிநாட்டில் கையெழுத்திட்ட பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். அதில் கட்டட வேலைக்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள், விற்கும் அதிகாரம் எதற்கு?

மாதாமாதம் பணம் அனுப்பாதீர்கள், கட்டம் முடிந்தால் மட்டும் அனுப்புங்கள். எதையும் மூடுவதற்கு முன் அளவு டேப் வைத்து எடுத்த படம் வர வேண்டும்: சுரண்டிய ஒட்டு, கைமர முனை, தரைக்குழி. முடிந்த சுவரின் படத்தால் ஒரு பயனும் இல்லை. "அப்பா பாத்துப்பார்" என்று 75 வயதுக்காரர் தலையில் கட்டிவிடாதீர்கள், பாவம், அவரால் சாரம் ஏற முடியாது. மேஸ்திரியிடம் சண்டை போடவும் மாட்டார். உள்ளூர் இன்ஜினியர் ஒருவரை வாரம் இரண்டு முறை வரச் சொல்லி அதற்குக் கூலி கொடுங்கள். கடைசி 10 சதவீதப் பணம் கார்த்திகை மழை முடிந்து சுவரைப் பார்த்த பிறகு.