சில்விகல்ச்சருக்குத் தமிழில் என்ன?

போட்டித் தேர்வுக் கையேடுகளுக்கு மெய்ப்பு பார்ப்பது என் பிழைப்பு. போன வாரம் அண்ணா நகரிலிருந்து வந்த தாள்கட்டில் ஒரு தலைப்பு: 'மிதமான காடுகளில் வன கலாச்சாரம்'. இந்த 'வன கலாச்சார'த்தை நான் அடித்துத் திருத்துவது இது மூன்றாவது தடவை. 'மிதமான காடு' இன்னொரு கூத்து. பள்ளிப் பாடநூலிலேயே 'மிதவெப்ப மண்டலக் காடு' என்று ஒழுங்காக இருக்கிறதே, அதையாவது புரட்டிப் பார்த்திருக்கலாம்.

மூலச் சொல் சில்விகல்ச்சர், அதாவது காட்டைத் திட்டமிட்டுப் பேணிப் பயன்படுத்தும் தொழில். லத்தீனில் சில்வா என்றால் காடு. குல்தூரா என்றால் உழுது பேணுதல். கலை, ஆசாரம் எல்லாம் அந்தச் சொல்லின் மேல் பிறகு ஏறியவை. 1713-இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சுரங்க நிர்வாகியாக இருந்த கார்லோவிட்ஸ், உலைகளுக்கு மரம் கிடைக்காமல் போகும் கவலையில் ஒரு நூல் எழுதினார். அதன் லத்தீன் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. 1864-இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளரான பிராண்டிஸும் ஜெர்மானியர்தான். இந்த முறை நமக்கு வந்த வழி அது.

பிசிகல்ச்சரை யாரும் மீன் கலாச்சாரம் என்பதில்லை, செரிகல்ச்சரைப் பட்டுக் கலாச்சாரம் என்பதில்லை. இதற்கு மேல் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. எனக்கு உண்மையான தகராறு, படித்தவர்களே பரிந்துரைக்கும் 'காடு வளர்ப்பு' என்பதோடுதான்.

சென்னைக்காரர் காதில் 'காடு வளர்ப்பு' எப்படி விழுகிறது? மரக்கன்று, பூவாளி, பின்னால் பதாகை, புகைப்படம். ஈ.சி.ஆர். ஓரத்துச் சவுக்குத் தோப்புக்குக்கூட அது பொருந்தும். நட்டு, நாலைந்து வருடத்தில் வெட்டி, மறுபடி நடுகிறார்கள். ஐரோப்பாவின் பீச் மரக் காட்டில் நடப்பது வேறு. மூத்த மரங்களை ஒரேயடியாகச் சாய்க்காமல், விதை விழும் பருவத்தை ஒட்டிச் சிலவற்றை மட்டும் வெட்டி, தரைக்கு வெளிச்சம் விடுகிறார்கள். விழுந்த விதை முளைத்துக் கால் ஊன்றும் வரை மிச்ச மரங்கள் குடை பிடிக்கின்றன. பிறகு அவற்றையும் படிப்படியாக எடுத்துவிடுகிறார்கள். ஒரு கன்றுகூடக் கையால் நடவில்லை. வேலை முழுக்கக் கோடரிக்குத்தான். இதைப் போய் வளர்ப்பு என்றால் மாணவன் மண்வெட்டியைத்தான் நினைப்பான். போதாக்குறைக்கு, மரமே இல்லாத இடத்தில் புதிதாகக் காடு உண்டாக்குவதற்கும் 'காடு வளர்ப்பு' என்றே எழுதுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லென்றால் 'வேறுபடுத்துக' என்ற கேள்விக்கு அவன் என்ன எழுதுவான்?

நண்பர் ஒருவர், "பிள்ளை வளர்ப்பு என்கிறோமே, அது பெற்றதோடு முடிகிறதா?" என்று மடக்கினார். நியாயம்தான். ஆனால் எந்தப் பிள்ளை வளர்ப்பிலும் பத்தில் எட்டைக் கலைத்துவிட்டு மிச்சத்தைத் தேற்றுவதில்லை.

கலைப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. நெருக்கமாக முளைத்ததில் நோஞ்சானை எடுத்துவிட்டு நல்லதற்கு இடம் விடும் 'தின்னிங்' வேலைக்கு அதே கையேட்டில் 'மெலிதல்' என்று போட்டிருந்தார்கள். மரமா டயட் இருக்கிறது? சோளமோ பருத்தியோ போட்ட எந்த உழவரைக் கேட்டாலும் 'பயிர் கலைக்கிறது' என்று சொல்லியிருப்பார். வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்ப்பதற்கும் 'மறுதாம்பு' இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், வயல் பக்கம்தான் போக மாட்டேன் என்கிறார்கள்.

என் பரிந்துரை காடோம்பல். விருந்தோம்பலில் இருக்கும் அதே ஓம்பல்தான். நடுவது, கலைப்பது, வெட்டுவது, வெட்டாமல் விடுவது எல்லாம் அதில் அடங்கும். நல்ல ஓக் மரம் முற்ற நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகும். கலைத்தவன் ஒருவன், வெட்டுபவன் அவன் பேரனுக்குப் பேரன். அத்தனை கை மாறிப் பார்த்துக்கொள்வதற்கு ஓம்பல் தாங்கும். கொங்குப் பக்கம் 'காட்டுக்குப் போறேன்' என்றால் மானாவாரி நிலத்துக்குப் போவது என்பது எனக்கும் தெரியும். அந்தக் குழப்பத்தோடு வாழ்ந்துவிடலாம்.

இத்தனையும் சுருக்கி, ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன். நேற்று இரண்டாம் படி வந்தது. 'கலாச்சாரம் வடசொல் என்பதால் நீக்கப்பட்டது' என்று குறிப்பு. தலைப்பு: 'மிதமான காடுகளில் வனப் பண்பாடு'.