சி.எஸ்.ஏ. தோட்டம், மிட்சம்மர் ஹார்வெஸ்ட்: தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

சி.எஸ்.ஏ.ன்னா கம்யூனிட்டி சப்போர்ட்டட் அக்ரிகல்ச்சர். தமிழ்ல 'சமூக ஆதரவு வேளாண்மை'ன்னு எழுதுறாங்க, வார்த்தைக்கு வார்த்தை சரிதான், ஆனா படிக்கறப்ப என்னமோ விவசாயிக்கு நாம நன்கொடை குடுக்கற மாதிரி ஒரு தொனி வந்துடுது. நடக்கறது வேற. விதைக்கறதுக்கு முன்னாடியே சில குடும்பங்க சேர்ந்து தோட்டத்தோட அந்த வருஷச் செலவ பிரிச்சு முன்பணமா கட்டிடுவாங்க, அப்புறம் வாராவாரம் தோட்டத்துல என்ன விளையுதோ அதுல அவங்கவங்க பங்க வாங்கிக்குவாங்க, நல்லா விளைஞ்சா கூடை நிறையும், ஆலங்கட்டி மழை அடிச்சா பாதிக் கூடைதான், அதுக்காக யாரும் காச திருப்பிக் கேக்கறதில்ல. இதுக்கு உயிரே இந்த நஷ்டத்துல பங்குங்கறதுதான்.

இங்க பெங்களூர்ல ஆப்ல ஆர்டர் போட்டு வாரம் ஒரு தடவ ஆர்கானிக் காய் வாங்கறதையும் சிலர் சி.எஸ்.ஏ.ன்னு சொல்றாங்க. அது சந்தா, அவ்வளவுதான். காய் வரலன்னா காசு திரும்பி வந்துடும், அடி மொத்தமும் விவசாயிக்கு. ஹாப்காம்ஸ் காய்கறிக் கடைங்களையும் இதோட சேர்த்துக் குழப்பிக்க வேணாம், அது விவசாயிங்க தங்களுக்குள்ள சேர்ந்து நடத்தற கூட்டுறவு, ரொம்ப நல்ல ஏற்பாடு, ஆனா வாங்கற நாம அங்கயும் கிலோ கணக்குல காசு குடுக்கற கஸ்டமர்தான்.

இந்தப் பேரு பிறந்தது அமெரிக்காவுல, 1986ல. மாசசூசெட்ஸ்ல இண்டியன் லைன் பார்ம், நியூ ஹாம்ப்ஷயர்ல டெம்பிள்-வில்டன் கம்யூனிட்டி பார்ம், ரெண்டும் அந்த ஒரே சமயத்துல ஆரம்பிச்சது. இண்டியன் லைன், ராபின் வான் என் (Robyn Van En) அப்படிங்கற பெண்ணோட பண்ணை, யான் வாண்டர் டுயின்ங்கறவர் சுவிட்சர்லாந்துல பாத்த முறைய அங்க கொண்டு வந்தாரு. டெம்பிள்-வில்டன்ல இன்னும் ஒரு படி மேல, பங்குக்கு இவ்வளவுன்னு விலையே கிடையாது, வருஷா வருஷம் கூட்டம் போட்டு பட்ஜெட்ட முன்னாடி வெப்பாங்க, அவங்கவங்க முடிஞ்ச தொகைய சொல்வாங்க, மொத்தம் வந்து சேரணும். இதுக்கெல்லாம் முன்னாடியே 1970கள்ல ஜப்பான்ல இது மாதிரி 'டெய்கெய்'னு ஓடிட்டிருந்துச்சு, அதுக்கு அர்த்தம் கைகோத்து நடத்தறது, கூட்டு.

அப்ப தமிழ்ல? முதல்ல ஞாபகம் வர்றது 'வாரம்'. விளைச்சல்ல பங்குங்கற அர்த்தத்துல நம்ம கிராமங்கள்ல நிலத்த வாரத்துக்கு விடறதுன்னு இன்னைக்கும் சொல்றாங்க, நிலத்துக்காரர் பங்குக்கு மேல்வாரம், உழறவர் பங்குக்குக் குடிவாரம்னு பழைய ஆவணங்கள்ல இருக்கு, கிழமைக் கணக்கு வாரத்தோடயும் தற்செயலா ஒத்துப்போகுது. ஆனா எனக்கு இது வேணாம். வாரத்துல நிலம் வெச்சிருக்கறவன் உக்காந்து பங்கு வாங்குவான், உழைப்பு உழறவனோடது. இங்க பங்கு வாங்கறவங்க முன்னாடியே காசப் போட்டு நஷ்டத்துக்கும் கழுத்த நீட்டறாங்க, அந்தப் பழைய சொல்லோட பாரம் இதுக்கு மேல ஏறக்கூடாது.

கன்னடத்துல பங்குக்கு 'பாலு', கூட்டாளிக்கு 'பாலுதாரரு'. நம்ம அறத்துப்பால், பொருட்பால்ல வர்ற பால்தான் அது, பகுதின்னு அர்த்தம். அழகான சொல்லு, ஆனா இன்னைக்கு தோட்டத்துப் பால்னு போர்டு வெச்சா சொம்பத் தூக்கிட்டு வருவாங்க. அதனால என் ஓட்டு 'பங்குத் தோட்டம்'. லாபத்துல பங்கு, நஷ்டத்துல பங்குன்னு ரெண்டையும் நாம இயல்பா சொல்றோம், விளக்கம் தேவைப்படாத சொல்லு.

இப்ப மிட்சம்மர் ஹார்வெஸ்ட். இத 'நடுக்கோடை அறுவடை'ன்னு போட்டா ரெண்டு சொல்லும் இடறுது. மிட்சம்மர்ங்கறது ஜூன் 21 ஒட்டின நாட்கள், நமக்கு கோடைன்னா அக்னி நட்சத்திரம், ஜூன்ல பெங்களூர்ல மழையே பிடிச்சிருக்கும். ஆனா நம்ம ஆறு பருவத்துல ஆனியும் ஆடியும் முதுவேனில், ஜூன் நடுவுலேருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும், அவங்க சொல்ற காலம் அப்படியே இதுக்குள்ள உக்காருது. அமெரிக்க வடகிழக்குல அப்பதான் கூடையே மாறும், கீரை, முள்ளங்கி, பட்டாணி எல்லாம் குறைஞ்சு சுகினிங்கற பூசணி வகைக் காய், வெள்ளரி, பீன்ஸ், புது உருளை, முதல் தக்காளி வரும், போன அக்டோபர்ல ஊனின பூண்ட ஜூலைல பிடுங்குவாங்க. சுகினிய ரெண்டு நாள் விட்டா நம்ம வெண்டைக்கா மாதிரி முத்திப்போகும், அதனால ஓயாத பறிப்பு.

ஹார்வெஸ்ட்டுங்கற சொல்லு பழைய ஆங்கிலத்துல இலையுதிர்காலத்தோட பேரு, ஜெர்மன்ல ஹெர்ப்ஸ்ட் இன்னும் அதேதான். நம்ம அறுவடையில 'அறு' இருக்கு, அரிவாள் இருக்கு, நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் பொருந்தும். காய பறிக்கறோம், கிழங்க தோண்டறோம், கீரைய கிள்ளறோம், தக்காளிய யாரு அறுக்கறா? பெங்களூருக்குக் கிழக்க ஹோஸ்கோட்டே, மாலூர்ப் பக்கம் கன்னடத்துல 'கொய்லு'ம்பாங்க, மலையாளத்துல 'கொய்த்து', நம்ம 'கொய்' அதே வேருதான், சங்கப் பாட்டுல தினை கொய்தல் நிறைய வருது, இப்ப நாம அத பூவுக்கு மட்டும் ஒதுக்கிட்டோம். எழுத்துல 'முதுவேனில் கொய்தல்'னு தாராளமா எழுதலாம், பேச்சுல 'ஆனி ஆடி காய்ப் பறிப்பு' போதும்.

இந்தச் சொல்லுங்க எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னா, அதே ஆனி ஆடியிலதான் கோலார் தக்காளியும் மார்க்கெட்டுக்குக் குவியும். சில வருஷம் பறிகூலி கூட கிடைக்காம ரோட்டோரம் கொட்டறாங்க, ஆனா 2023 ஜூலையில கிலோ நூறு ரூபாயத் தாண்டுச்சு. பங்குத் தோட்டத்துல இருக்கறவங்களுக்கு விலை விழுந்த வருஷமோ ஏறின வருஷமோ, முன்னாடி கட்டின தொகைதான், விவசாயிக்கும் கூலி குடுக்கற காசு கையில இருக்கும். இத கன்னடக்காரங்களும் தமிழங்களும் கலந்து இருக்கற ஒரு அபார்ட்மென்ட் மீட்டிங்ல எடுத்துச் சொல்லணும்னா 'சமூக ஆதரவு'ன்னு ஆரம்பிக்காதீங்க, பங்கு, பாலுன்னு ஆரம்பிங்க, நஷ்டத்துலயும் பங்கான்னு கேள்வி முதல் நிமிஷத்துலயே வந்துடும், அதுக்கு ஆமான்னு பதில் சொல்லிட்டு மேல பேசலாம்.