வால் ஆட்டுதுதானே எண்டு இருந்திடாதீங்க

போன கிழமை இங்க திருகோணமலையில, சல்லிப் பக்கத்தில இருந்து மீன்பிடிக்கிற ஐயா ஒருத்தர் தன்ட நாயை ஓட்டோவில ஏத்திக்கொண்டு கிளினிக்குக்கு வந்தவர். ஏழு வயசு, பேர் டைகர். "ரெண்டு நாளாச் சாப்பாட்டை மணந்து பார்த்திட்டு அப்படியே போகுது டொக்டர், வேற ஒண்டும் இல்ல, நேற்று ராவும் கரைக்கு வந்து நான் கடலால வரும்வரைக்கும் வலைக்குப் பக்கத்திலதான் கிடந்தது" எண்டார். அவர் கதைக்கக் கதைக்க மேசையில நிண்ட டைகர் அவர்ட முகத்தையே பார்த்துப் பார்த்து வாலை ஆட்டுது. நான் மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தன், பல் முரசு கடதாசி மாதிரி வெளுத்துப் போய்க் கிடக்கு.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில உண்ணிக் காய்ச்சல், உண்ணி கடிச்சு வந்து ரத்தத்தைக் குறைக்கிற வருத்தம். மனுசருக்கு இந்தளவு ரத்தம் குறைஞ்சா பாயை விட்டு எழும்ப மாட்டம், இவன் ராவு முழுக்கக் கடற்கரையில காவல் இருந்திருக்கான்.

நாய் நன்றியுள்ள பிராணி எண்டு பள்ளிக்கூடத்தில கட்டுரை எழுதாத ஆள் நம்மளில இல்ல, ஆனா அந்த நன்றிதான் எனக்குத் தொழில்ல பெரிய தலையிடி. 2015ல ஜப்பான்ல ஒரு ஆய்வு செய்தவங்க, நாயும் அதை வளர்க்கிற ஆளும் ஒருத்தரை ஒருத்தர் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டு இருந்தா ரெண்டு பேருக்குமே ஒக்சிடோசின் கூடுதாம், தாய்க்கும் பிள்ளைக்கும் பாசத்தில சுரக்கிற அதே ஹோர்மோன்தான். அதால நீங்க கேற்றைத் திறந்து உள்ள வந்த உடன அது துள்ளுறதை வச்சு "நல்லாத்தான் இருக்கு" எண்டு முடிவு எடுக்காதீங்க, உங்களைக் கண்ட சந்தோசத்தில கொஞ்ச நேரத்துக்கு நோவு காய்ச்சல் எல்லாத்தையும் மறைச்சிடும். அரை மணித்தியாலம் கழிச்சு அது தன்பாட்டில கிடக்கேக்க ஜன்னலால ஒளிச்சு நிண்டு பாருங்க, எழும்பேக்க ஒரு காலைத் தாங்குதா, மூச்சு வேகமா வாங்குதா, தண்ணிச் சட்டிக்குப் போற வழியில படுத்திடுதா எண்டு. போன்ல எடுத்துக்கொண்டு வந்தீங்க எண்டா இன்னும் நல்லம், ஏனெண்டா என்ட மேசையில ஏறினா அது திரும்பவும் நடிக்கும்.

ஹச்சிக்கோவை எல்லாருக்கும் தெரியும்தானே, டோக்கியோ ஷிபுயா ஸ்டேஷன்ல, 1925ல செத்துப்போன பேராசிரியரை 1935 மார்ச் மாசம் தான் சாகும்வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்த நாய். அதுக்குச் சிலை இருக்கிறது தெரியும், உடம்பை வெட்டிப் பார்த்தப்ப உள்ளுக்க நுளம்பால பரவுற பைலேரியாப் புழு இருந்தது எத்தின பேருக்குத் தெரியும்? பாதுகாத்து வச்சிருந்த உறுப்புகளை 2011ல திரும்பப் பார்த்ததில இதயத்திலயும் நுரையீரல்லயும் புற்றுநோய் வேற. அவ்வளவையும் சுமந்துகொண்டுதான் ஸ்டேஷன் வாசலுக்குப் போய்க்கொண்டு இருந்திருக்கு.

சரி, உண்ணிக்கு வாறன். கோட்டைப் பக்கத்து மான்ல இருந்துதான் வருது எண்டு ஒரு கதை இங்க ஓடுது, பாவம் மான். உங்கட நாயில இருக்கிற உண்ணி பெரும்பாலும் உங்கட வீட்டுச் சுவர் வெடிப்புக்குள்ளயும் நாய்க்கூட்டுப் பலகை இடுக்குக்குள்ளயும்தான் குடியிருக்கு, ரத்தம் குடிச்சு வீங்கின பெட்டை கீழ விழுந்து அங்க போய் ஆயிரக்கணக்கில முட்டை போடும், அதால நாய்க்கு மட்டும் மருந்து போட்டுட்டு கூட்டை விட்டா அடுத்த மாசம் திரும்ப வந்து நிக்கும். மண்ணெண்ணெய் பூசுறதைத் தயவுசெய்து விடுங்க, தோலும் புண்ணாகி, நக்கி நக்கி வயித்துக்குள்ளயும் போகும். நோவுக்கெண்டு வீட்டில கிடக்கிற இபுபுரோபன் குளிசையைப் பாணுக்குள்ள வச்சுக் குடுக்கிற வேலையும் வேணாம், நாய்ட குடலையும் சிறுநீரகத்தையும் அது அழிச்சிடும், அன்பில குடுத்த குளிசையால செத்த நாயை நான் பார்த்திருக்கன்.

முரசு பார்க்கப் பழகுங்க. பெருவிரலால அமத்தி விட்டா வெள்ளையாகிற இடம் ரெண்டு செக்கனுக்குள்ள திரும்பச் சிவக்கோணும். சில நாய்க்கு முரசு இயற்கையாவே கறுப்பு, அதுக்குக் கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்து உள்ளப் பாருங்க. மூக்கு ஈரமா சூடா எண்டு பார்க்கிறதில ஒண்டும் தெரியாது.

டைகருக்கு டொக்சிசைக்ளின் எண்ட அன்டிபயோட்டிக் குளிசை 28 நாளைக்கு எழுதிக் குடுத்தன், நாலாம் நாள் சோறு தின்னத் தொடங்கினதும் நிப்பாட்டிடாதீங்க ஐயா எண்டு மூண்டு தரம் சொன்னன், ஏனெண்டா அங்கதான் எல்லாரும் பிழை விடுறது. ரெண்டு கிழமைக்குக் கரைக்கு விடாதீங்க எண்டும் சொன்னன், தலையாட்டிட்டுப் போனார். நேற்று விடிய போன் எடுத்து, "கட்டின கயித்தைக் கடிச்சு அறுத்துப்போட்டு வலையடியில வந்து கிடக்கான் டொக்டர், நான் என்ன செய்ய" எண்டு ஏச்சும் பெருமையுமாச் சொன்னவர், பிறகு வட்ஸப்பில ஒரு போட்டோ வந்திச்சு. தூக்கிப் பிடிச்ச உதடு, நகத்தில மீன் செதிள் ஒட்டின பெருவிரல், அதுக்குக் கீழ வெளிர் ரோஸ் நிறத்தில முரசு.