சீட்டில் உள்ள இரு நேரங்களைக் கழித்துப் பார்க்காதீர்கள்

மட்டக்களப்பில் பயணச்சீட்டுப் பதிவு செய்து கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பதினைந்தாம் திகதி நள்ளிரவு 12.45 மணிப் பறப்புக்கு அன்று இரவு கட்டுநாயக்க விமான நிலையம் சென்று, விமானம் முந்தைய இரவே போய்விட்டதை அங்கே அறிந்து, வேலை ஒப்பந்தமும் கைநழுவித் திரும்பிய ஒரு தம்பியை இந்த மாதமும் பார்க்க நேர்ந்தது. எத்தனை முறை சொன்னாலும் இது ஓயவில்லை.

திகதிக் குழப்பத்தைவிட ஆழமாக வேரூன்றிய தவறு ஒன்று உண்டு. கொழும்பில் அதிகாலை 4.00 மணிக்குப் புறப்பட்டு 6.30 மணிக்குக் கட்டாரின் தோஹாவில் இறங்கும் என்று சீட்டில் இருந்தால், பயணம் இரண்டரை மணி நேரம் என்றே பெரும்பாலானோர் முடிவு செய்கிறார்கள். ஏறத்தாழ 3,600 கிலோமீற்றரை எந்தப் பயணிகள் விமானமும் இரண்டரை மணி நேரத்தில் கடப்பதில்லை. புறப்படும் நேரம் இலங்கை நேரம், இறங்கும் நேரம் கட்டார் நேரம். கட்டார் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பிந்தியது. ஆகவே உண்மையில் பறப்பது ஐந்து மணி நேரம்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து அது ஏறத்தாழ 2,750 கிலோமீற்றர்தான். பறப்பதும் ஏறத்தாழ நான்கு மணி நேரமே. ஆனால் அந்நாடு நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியிருப்பதால், அதிகாலை 1.00 மணிக்குப் புறப்படுபவருக்குச் சீட்டில் 7.30 என்று இருக்கும். அருகிலுள்ள ஊர் ஆறரை மணி நேரமாகவும், தொலைவிலுள்ள ஊர் இரண்டரை மணி நேரமாகவும் தோன்றும்போதாவது கணக்கில் பிழை இருப்பதை உணர வேண்டாமா? சென்னைக்கு மட்டும் இந்தக் கழித்தல் சரியாக வரும். இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம். அங்கே போய்வந்த பழக்கத்தில்தான் பலர் வளைகுடாவுக்கும் அதே கணக்கைப் போடுகிறார்கள்.

இன்சுலின் போடுபவர்கள் ஊசி நேரத்தை இந்தத் தவறான கணக்கில் வகுத்துக்கொள்வது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. உண்மையான பறப்பு நேரத்தைச் சொல்லி, மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

நம் ஊர்க்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இங்கிருந்து பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்க ஏறத்தாழ 300 கிலோமீற்றர். வான் வண்டியில் ஆறேழு மணி நேரமாகும். மின்னேரிய, ஹபரணைப் பகுதியில் இரவில் யானை நின்றால் அதற்கும் காத்திருக்க வேண்டும். பதினைந்தாம் திகதி நள்ளிரவு 12.45 மணிப் பறப்பு என்றால், பதினான்காம் திகதி பிற்பகல் ஒரு மணிக்கே வீட்டை விட்டுப் புறப்படுங்கள். விமான நிலையப் பதிவு முகப்பு (செக்-இன்) பெரும்பாலும் பறப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும்; அதன்பின் அழுதாலும் திறக்கமாட்டார்கள்.

திரும்பி வருபவரை அழைத்துவரப் போகும் குடும்பத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். தோஹாவில் இரவு 8.00 மணிக்கு ஏறுபவர் கொழும்பில் இறங்குவது மறுநாள் அதிகாலையில். வான்காரருக்கு ஏறும் திகதியைச் சொல்லாமல் இறங்கும் திகதியைச் சொல்லுங்கள். சீட்டின் படத்தையும் அவருக்கு அனுப்பிவையுங்கள்.