கடலைப் பொட்டலம் மடிக்கும் வண்டு

மே மாதவாக்கில் ஐரோப்பாவின் பிர்ச் மரங்களை அண்ணாந்து பார்த்தால், பச்சை இலைகளுக்கு நடுவே சில மட்டும் கடலைப் பொட்டலம் போலக் கூம்பாகச் சுருண்டு தொங்குவதைக் காணலாம். 4 மில்லிமீட்டர் அளவேயான ஒரு கறுப்பு வண்டின் கைவேலை அது. வாய்வேலை என்பதே சரி.

1758இல் ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் பெயர் சூட்டிய இந்த வண்டை இன்று டெபோராவுஸ் பெட்டுலே என்கிறார்கள். நம் அரிசிப் பானையில் ஊரும் வண்டுக்குத் தூரத்து உறவு. அரிசி வண்டின் உணர்கொம்பு முழங்கை போல மடிந்திருக்கும். இதற்கு நேராக நீளும். ஆணுக்குப் பின்னந்தொடை பருத்திருக்கும். ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பரவியிருக்கிறது. ஆல்டர், ஹேசல் மரங்களின் இலைகளையும் விடுவதில்லை.

உழைப்பெல்லாம் பெண்ணுடையது. காம்புக்குச் சற்றுக் கீழே இலையின் ஓரத்தில் தொடங்கி, ஆங்கில எஸ் எழுத்தைப் போல வளைத்து வளைத்து நடுநரம்புவரை வெட்டும். நரம்பை லேசாகக் கடித்துவிட்டு, மறுபாதியில் இன்னொரு எஸ். இது சற்றுப் படுத்த வாக்கில் இருக்கும். நரம்பை அறுத்தெறியாமல் கடித்து மட்டும் விடுவதில்தான் சூட்சுமம். இலை விழாது, ஆனால் தண்ணீர் குறைந்து வாடும். விறைத்த இலையைச் சுருட்டமுடியுமா? துவண்டதும் ஒரு பாதியைக் கால்களால் இழுத்து இறுக்கிச் சுருட்டி, மறுபாதியை அதன்மேல் போர்த்தும். பிறகு உள்ளே நுழைந்து இலைத்தோலில் சின்னஞ்சிறு பைகளைக் கீறி, முட்டைகளை இட்டு, கூம்பின் நுனியை மடித்து மூடிவிடும்.

நேராக வெட்டினால் என்ன? கூம்பு இறுகாது. ஜெர்மனியின் ஆகன் நகர மருத்துவர் டெபே, கணித அறிஞர் ஹைஸின் துணையோடு 1846இல் இந்த வளைவை ஆராய்ந்தார். நூல்கண்டிலிருந்து நூலை விறைப்பாகப் பிடித்துப் பிரித்தால் நூல்நுனி ஒரு வளைகோடு வரையும் அல்லவா? அந்தக் கோடு இலையின் ஓரம் என்றால், கண்டின் வளைவுதான் வண்டின் வெட்டு. 1673இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்துக்காக எழுதி வெளியிட்ட கணிதம் இது! வண்டுக்குக் கணக்குத் தெரியும் என்று சொல்ல நான் தயாராக இல்லை. தாய் செய்து பார்த்துப் பழகியதும் இல்லை. அது பிறக்கும்போது தாய் அருகில் இருப்பதில்லை.

முட்டையிலிருந்து வரும் புழுக்களுக்கு அந்த வாடிய சுருளே வீடு, சோறு இரண்டும். தின்று முடித்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். பிர்ச் மரம் துளிர்க்கும் இளவேனிலில், புது வண்டுகள் மேலேறி வரும்.